காகிதமும் கணினியும் ஒரே மேஜையில்: சின்ன அலுவலகங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. பத்துப் பேர், பதினைந்து பேர் இருக்கிற அலுவலகங்கள். எல்லா இடத்திலும் டாலி என்கிற கணக்கு மென்பொருள் இருக்கிறது, எல்லா இடத்திலும் பீரோ வழியப் பைலும் இருக்கிறது. போகிற இடமெல்லாம் என்னைக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். உதாரணங்கள் எங்கள் ஊர்த் தொழிலில் இருந்து வரும். ஆனால் மளிகை மொத்த வியாபாரமோ அச்சகமோ நடத்துகிறவருக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டுக் காகிதத்தை ஒழித்துவிட்டால் என்ன?

இந்த ஆசைக்கு ஐம்பது வயதாகிறது. 1975இல் அமெரிக்காவின் 'பிசினஸ் வீக்' இதழ் எதிர்கால அலுவலகம் பற்றி ஒரு கட்டுரை போட்டது. அதில் ஜார்ஜ் பேக் என்பவர், இருபது ஆண்டில் தன் மேஜையில் விசைப்பலகையோடு ஒரு திரை இருக்கும், வேண்டிய ஆவணத்தைப் பொத்தானைத் தட்டி வரவழைத்துக்கொள்வேன், அப்புறம் அச்சிட்ட தாள் எவ்வளவு வேண்டியிருக்குமோ தெரியாது என்று சொன்னார். திரை விஷயத்தில் அவர் வாக்கு அப்படியே பலித்தது. வேடிக்கை என்னவென்றால், அவர் தலைமை தாங்கியது ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வு மையத்துக்கு. எந்தக் கம்பெனியின் பெயரைச் சொல்லி நாம் இன்றைக்கும் தெருமுனைக் கடையில் "ரெண்டு பக்கமும் ஒரு ஜெராக்ஸ்" என்று தாளை நீட்டுகிறோமோ, அதே கம்பெனி.

காகிதம் போகாமல் இருப்பதற்குப் பழக்கம் மட்டும் காரணம் இல்லை. பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் லெட்ஜரையும் ஒத்துப் பார்க்கும்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, பென்சிலால் டிக் அடித்துக்கொண்டே போனால் நாற்பது நிமிடத்தில் முடிகிற வேலை, திரையில் ஜன்னல் மாற்றி மாற்றிப் பார்த்தால் ஒன்றரை மணி நேரம் இழுக்கும். லாரி டிரைவர் கையில் கொடுக்கக் காகிதம் வேண்டும். சார்ஜ் இல்லை, சிக்னல் இல்லை என்று அது சொல்லாது.

கணினியின் பலம் வேறு. தேடிக் கொடுக்கும், கூட்டிக் கொடுக்கும், ஒரே நேரத்தில் நான்கு பேர் பார்க்கலாம், ஈரோட்டில் இருக்கும் பார்ட்டிக்கு அந்த நொடியே போய்விடும். காகிதத்தால் இதில் ஒன்றும் முடியாது.

அப்படியென்றால் எந்த வேலைக்கு எது?

ஒரு சரக்கின் பயணத்தைப் பார்த்தால் தானாகப் புரியும். நூல் வாங்கி நிட்டிங்குக்கு, அதாவது துணி பின்னும் யூனிட்டுக்கு, அனுப்புகிறோம். கூடவே டெலிவரி சலான் போகிறது. நாங்கள் டிசி என்போம். ஜிஎஸ்டி விதிப்படி அது மூன்று பிரதி: பெறுபவருக்கு ஒன்று, வண்டிக்காரருக்கு ஒன்று, அனுப்புகிறவருக்கு ஒன்று. துணியாகத் திரும்பி வரும்போது நிட்டிங்காரரின் டிசி வருகிறது. நம் குடோனில் ரோலை எண்ணி எடை போடுகிற பையன் அந்தத் தாளிலேயே பேனாவால் எழுதுகிறான்: "3 ரோல் ஆயில் கறை. எடை 11.400 குறைவு." கீழே ஒரு கையெழுத்து, நேரம்.

இந்த எழுத்துதான் தங்கம். நின்றுகொண்டே, எண்ணெய்க் கையோடு, ரோல் மேல் தாளை வைத்து எழுதியது. அதை டேப்லெட்டில் தட்டச் சொல்லிப் பார்த்தோம். 'ரிமார்க்ஸ்' கட்டத்தில் எல்லா நாளும் "ஓகே" என்றே வந்தது. காகிதத்துக்குத் திரும்பினோம். ஆனால் அந்தத் தாள் சாயங்காலம் ஆறு மணிக்குள் ஸ்கேன் ஆகி, எடைக் குறைவு டாலியில் ஏறியாக வேண்டும். ஏறாவிட்டால் மாதக் கடைசியில் ஜாப் வொர்க் பில், அதாவது நிட்டிங்காரரின் கூலி பில், முழு எடைக்கும் பாஸாகிவிடும்.

சுருக்கமாகச் சொன்னால், சம்பவம் நடக்கிற இடத்தில் காகிதம். அதைப் பற்றிப் பிறகு யாராவது கேட்கப் போகிற இடத்தில் கணினி.

ஒரே ஆவணம் பைலிலும் இருக்கிறது, கம்ப்யூட்டரிலும் இருக்கிறது. இரண்டும் வேறு வேறாக இருந்தால்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

எங்களிடம் நடந்த கதை. ஒரு ஏற்றுமதியாளருக்கு கொட்டேஷன் டைப் செய்து, பிரிண்ட் எடுத்து, முதலாளி மேஜைக்குப் போனது. அவர் பேனாவால் இரண்டு ரேட்டை அடித்துத் திருத்தி, ஓரத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டு பைலில் வைத்துவிட்டார். திருத்தம் கம்ப்யூட்டருக்குப் போகவே இல்லை. மறுநாள் மெயிலில் போனது பழைய ரேட். பார்ட்டி உடனே ஒப்புக்கொண்டார். ஏன் ஒப்புக்கொள்ள மாட்டார்? ஒரு பீஸுக்கு மூன்று ரூபாய் குறைவு.

இதில் யார் மேல் தப்பு என்று அரை நாள் சண்டை போட்டோம். தப்பு ஆள் மேல் இல்லை. கொட்டேஷனுக்கு எது மூலம், எது நகல் என்று யாருமே முடிவு செய்திருக்கவில்லை. தாள் தான்தான் மூலம் என்றது, கோப்பும் அதையே சொன்னது.

அதிலிருந்து ஒவ்வொரு வகை ஆவணத்துக்கும் ஒரே மூலம் என்று எழுதிச் சுவரில் ஒட்டினோம். கொட்டேஷனுக்கும் பர்ச்சேஸ் ஆர்டருக்கும் கணினிக் கோப்பே மூலம்; பிரிண்ட்டில் என்ன எழுதினாலும் கோப்பில் ஏறும்வரை அது வெறும் கிறுக்கல். டிசிக்கு, கேட் பதிவேட்டுக்கு, பத்திரத் தாளில் எழுதிய வாடகை ஒப்பந்தத்துக்குக் காகிதமே மூலம். ஸ்கேன் வெறும் படம்.

இன்வாய்ஸில் சட்டமே முடிவு செய்துவிட்டது. 2023 ஆகஸ்ட் 1 முதல், ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்கள் மற்ற வியாபாரிகளுக்குப் போடுகிற பில்லை இ-இன்வாய்ஸாகப் போட்டாக வேண்டும். அரசின் போர்ட்டலில் பதிந்து 64 எழுத்து எண்ணும் கியூஆர் கட்டமும் வாங்கினால்தான் அது பில். சரக்கோடு போகும் அச்சிட்ட தாள் அதன் நிழல். அந்தத் தாளில் பேனாவால் அளவைத் திருத்தி அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பில் தொகையைக் குறைக்க கிரெடிட் நோட் என்று தனி ஆவணம் இருக்கிறது, அதைப் போடுங்கள்.

காகிதத்தையும் கோப்பையும் எப்படி இணைப்பது? சாஃப்ட்வேர் வாங்க வேண்டுமா?

வேண்டாம். ஒரு நம்பரிங் மெஷின் போதும். ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் அந்த இரும்பு மெஷின். ஒரு தட்டுக்கு ஓர் எண் ஏறும்.

இதில் நாம் அரசாங்கத்தைக் காப்பி அடிக்கலாம். தாலுகா அலுவலகத்தில் இருந்து வரும் எந்தக் கடிதத்தையும் பாருங்கள். மேலே ந.க.எண் என்று கோப்பின் எண், பிறகு 'பார்வை' என்று போட்டு முந்தைய கடிதங்களின் எண்ணும் தேதியும். கோப்பு எந்த அறைக்குப் போனாலும் எண் அதோடு ஒட்டிக்கொண்டே போகும். கம்ப்யூட்டர் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே வந்த ஏற்பாடு. இதைப் பார்த்துச் சிரிக்கிற நாம்தான் 'நியூ பில் ஃபைனல் 2' என்று கோப்புக்குப் பெயர் வைக்கிறோம்.

உள்ளே வரும் ஒவ்வொரு தாளின் வலது மேல் மூலையிலும் வரிசை எண் அடியுங்கள். ஸ்கேன் செய்த கோப்பின் பெயரும் அதே எண்ணில் தொடங்கட்டும். பிறகு தேதி, பார்ட்டி பெயர். தேதியில் ஆண்டு முதலில், மாதம் அடுத்து, நாள் கடைசி. அப்போதுதான் கோப்புகள் தாமாகவே கால வரிசையில் நிற்கும்.

அப்புறம் ஒரு விஷயம். முதலில் எல்லோரும் இதற்கு மறுப்புச் சொல்வார்கள். காகிதத்தைப் பார்ட்டி வாரியாகப் பிரிக்கவே வேண்டாம். 4801 முதல் 5000 வரை ஒரு பைல், அடுத்த இருநூறு அடுத்த பைல், அவ்வளவுதான். "அந்த டையிங் யூனிட்டின் மார்ச் மாதத் தாள் எல்லாம் எங்கே?" என்ற கேள்விக்குப் பதில் சொல்வது கம்ப்யூட்டர் வேலை, அது எண்ணைச் சொல்லும். எண்ணைப் பார்த்து டேக்கை அவிழ்த்துத் தாளை எடுப்பது ஒரு நிமிடம். பார்ட்டி வாரியாகப் பைல் போடுகிற இடங்களில் தாளைப் பைலில் சேர்ப்பதற்கென்றே ஓர் ஆள் அரை நாள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதுவும் இரண்டு பார்ட்டி சம்பந்தப்பட்ட தாள் என்றால் அவர் ஜெராக்ஸ் எடுக்கக் கிளம்பிவிடுவார்.

ஸ்கேனர் வாங்க வேண்டுமா, போன் போதுமா? எந்தத் தரத்தில் எடுப்பது?

ஒரு நாளைக்கு இருபது தாள் வரை போன் போதும். அதற்கு மேல் போனால் தாளைத் தானே இழுத்துக்கொள்ளும் ஸ்கேனர் வாங்குங்கள். தரம் 300 டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி. ஏ4 தாளில் அது 2480-க்கு 3508 புள்ளி. பில்லில் இருக்கும் பொடி எழுத்துக்கும் போதும், கோப்பும் பெருக்காது. ஸ்டேபிள் பின்னைக் கழற்றிவிட்டுப் போடுங்கள். பின்பக்கத்தையும் எடுங்கள். எடைத் தகராறு ஒன்றில் மூன்று மாதம் ஸ்கேனைப் பார்த்தே வாதாடித் தோற்கப் போன எங்களைக் காப்பாற்றியது, டிசியின் முதுகில் பென்சிலால் எழுதியிருந்த ஒற்றை வரி. முன்பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்து வைத்திருந்தோம்.

'கம்ப்ரஷன்' என்று ஒன்று வரும். கோப்பைச் சின்னதாக்க அதை இஷ்டத்துக்கு ஏற்றாதீர்கள். 2013இல் டேவிட் க்ரீசல் என்ற ஜெர்மன் கணினி அறிஞர் ஒரு கட்டட வரைபடத்தை ஜெராக்ஸ் நிறுவனத்தின் மெஷினில் ஸ்கேன் செய்தார். மூன்று அறைகள், பரப்பு 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர். ஸ்கேனில் மூன்றுமே 14.13 என்று வந்தன! மங்கலாக இருந்தால் நாமே சந்தேகப்படுவோம். இது பளிச்சென்று தப்பாக இருந்தது. இடத்தை மிச்சம் பிடிக்க, ஒன்று போலத் தெரியும் எழுத்துத் துண்டுகளை மெஷின் ஒரே படமாக வைத்துக்கொண்டு எல்லா இடத்திலும் ஒட்டியிருக்கிறது. 6 இருந்த இடத்தில் 8 வந்த தாள்களும் இருந்தன. நிறுவனம் பிறகு திருத்தம் வெளியிட்டது. இருந்தாலும் தொகை உள்ள தாளை ஸ்கேன் செய்த கையோடு மொத்தத்தை ஒரு தடவை தாளோடு ஒப்பிட்டுவிடுவது என் வழக்கம்.

ஸ்கேன் செய்த தமிழ்க் கடிதத்தில் ஒரு சொல்லைத் தேடினால் கிடைப்பதில்லையே?

ஸ்கேன் என்பது படம். அதில் எழுத்துணரியை, அதாவது படத்தில் இருக்கும் எழுத்தைப் படிக்கிற மென்பொருளை, ஓடவிட்டால்தான் தேட முடியும். தமிழ் அச்செழுத்தை இப்போது எழுத்துணரிகள் ஓரளவு நன்றாகவே படிக்கின்றன. கையெழுத்தை நம்ப வேண்டாம். அதனால்தான் கோப்பின் பெயரிலேயே பார்ட்டியையும் விஷயத்தையும் எழுதச் சொல்கிறேன்.

இன்னொரு தொல்லை நமக்கே உரியது. ஸ்கேன் செய்யாத, கம்ப்யூட்டரிலேயே டைப் செய்த பழைய கடிதங்களிலும் தேடல் வேலை செய்யாது. வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்தவை அவை. பாமினியில் ஆங்கில 'எம்' எழுத்தின் இடத்தில் 'அ' என்ற உருவத்தை உட்கார வைத்திருப்பார்கள். கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் கதை கந்தல். எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடை 2010இல் தமிழக அரசு தரமாக ஏற்றுக்கொண்டது. ஆனாலும் பழைய எழுத்துருவில் டைப் செய்கிற கடைகள் இன்றும் உண்டு. முக்கியமான பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றக்கூடிய கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றியபின் ஒரு தரம் படித்துப் பாருங்கள், ஒற்றும் கொம்பும் இடம் மாறி நிற்கும்.

பெட்ரோல் பில், கொரியர் பில் எல்லாம் ஆறு மாதத்தில் வெள்ளைத் தாளாகிவிடுகிறது. என்ன செய்ய?

அது தெர்மல் தாள். அதில் மை கிடையாது. தாளின் பூச்சு சூட்டில் கறுப்பாவதுதான் எழுத்து. வெயில், எண்ணெய், சானிடைசர் எதுவானாலும் கலைக்கும். பத்திரமாக இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் உறைக்குள் போடுவது இன்னும் மோசம். சில உறைகளில் உள்ள ரசாயனமே எழுத்தைத் தின்றுவிடும். வந்த அன்றே ஸ்கேன் செய்யுங்கள். காகிதம் நிலைக்கும், கணினி அழிந்துவிடும் என்கிற நம்பிக்கை அப்படியே தலைகீழாகிற இடம் இது.

டிஜிட்டல் கையெழுத்துப் போட்ட பிடிஎஃப் வந்தது. பிரிண்ட் எடுத்து, எங்கள் கையெழுத்தும் சீலும் வைத்து, ஸ்கேன் செய்து அனுப்பினோம். சரிதானே?

வாரத்துக்கு ஒரு தடவை பார்க்கிறேன் இதை. டிஜிட்டல் கையெழுத்து என்பது பக்கத்தில் தெரியும் அந்தப் பெயரும் பச்சை டிக்கும் இல்லை. கோப்புக்குள் இருக்கும் கணக்கு அது. கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் காட்டிக்கொடுக்கும். பிரிண்ட் எடுத்த நொடியே அது போய்விட்டது. நீங்கள் ஸ்கேன் செய்து அனுப்பியது கையெழுத்தின் போட்டோ.

வந்த கோப்பை அப்படியே பத்திரப்படுத்துங்கள். உங்கள் கையெழுத்தும் வேண்டும் என்றால் டிஎஸ்சி டோக்கனை (உங்கள் டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ் இருக்கும் யூஎஸ்பி) கம்ப்யூட்டரில் செருகி அதே கோப்பில் போடுங்கள். திறந்ததும் மஞ்சள் கேள்விக்குறி வந்தால் உடனே போலி என்று பயப்படவும் வேண்டாம். சான்றளித்த அமைப்பை உங்கள் மென்பொருள் இன்னும் நம்பப் பழகவில்லை என்பதும் காரணமாக இருக்கலாம். கையெழுத்தின் மேல் கிளிக் செய்து சரிபார்த்துக்கொள்ளலாம்.

அதோடு, முதலாளியின் கையெழுத்தைப் படமாக வைத்துக்கொண்டு எல்லாக் கடிதத்திலும் ஒட்டுகிற பழக்கம். அந்தப் படம் எத்தனை பேர் போனில் இருக்கிறது என்று ஒரு நாள் விசாரித்துப் பாருங்கள்.

கோர்ட், கேஸ் என்று வந்தால் ஸ்கேன் செல்லுமா?

வக்கீலைக் கேட்க வேண்டிய கேள்வி. நான் அறிந்த அளவுக்குச் சொல்கிறேன். காகிதத்தில் கையெழுத்தான ஒப்பந்தத்துக்கு அந்தக் காகிதமே முதல்நிலைச் சான்று. அதனால் ஒப்பந்தம், பத்திரம், கையெழுத்தான டிசி எதையும் ஸ்கேன் இருக்கிறதே என்று தூக்கிப் போடாதீர்கள். உயில், டிரஸ்ட் பத்திரம் ஆகியவற்றைத் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 தன் வரம்புக்கு வெளியிலேயே வைத்திருக்கிறது, அவை காகிதம்தான்.

மெயில், டாலிப் பதிவு போன்ற மின்னணுப் பதிவுகளுக்கு 2024 ஜூலை 1 முதல் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய சட்டத்தின் 63ஆம் பிரிவு. அதற்கான சான்றிதழில் இரண்டு பகுதி உண்டு, இரண்டாவதில் நிபுணர் கையெழுத்திட வேண்டும். கோப்பின் 'ஹாஷ்' மதிப்பையும் எழுத வேண்டும்; அது கோப்பின் கைரேகை மாதிரி ஒரு குறியீடு. கோப்பைத் திறந்து சும்மா சேமித்தாலே ஹாஷ் மாறக்கூடும் என்பதால், தகராறு வரும் என்று தோன்றினால் அந்தக் கோப்பைத் தொடாமல் தனியாக எடுத்து வையுங்கள்.

அரசின் இணைய ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் அரசுத் துறையே நேரடியாக வழங்கிய சான்று வேறு வகை. 2017இல் வந்த விதித் திருத்தம் அதை அசலுக்குச் சமம் என்கிறது. அதே டிஜிலாக்கரில் நீங்களே ஏற்றிய ஸ்கேனுக்கு இந்த மரியாதை கிடையாது.

எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும்?

ஜிஎஸ்டி கணக்குகளுக்கு, அந்த ஆண்டின் ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியில் இருந்து 72 மாதம். 2024-25 நிதியாண்டுக்குக் கடைசித் தேதி 2025 டிசம்பர் 31. எனவே 2031 டிசம்பர் 31 வரை. அப்பீல் ஏதும் நடந்தால் இன்னும் நீளும். கம்பெனிச் சட்டப்படி பதிவான நிறுவனம் என்றால் எட்டு நிதியாண்டு. அவர்கள் கணக்கு மென்பொருளில் யார், எப்போது, எதை மாற்றினார் என்ற தடமும் 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயம்.

பைலைக் கட்டும்போதே முதுகில் "2031 டிசம்பருக்குப் பின் கிழிக்கலாம்" என்று எழுதிவிடுங்கள். பல வருடம் கழித்துப் புழுதியில் உட்கார்ந்து யோசிக்கிற வேலை மிச்சம்.

கரையான், வெள்ளம், வைரஸ்: எதற்குப் பயப்படுவது?

மூன்றுக்கும். 2015 டிசம்பரில் சென்னையில் தரைத்தள பீரோக்களில் தண்ணீர் புகுந்தபோது ஸ்கேன் இருந்தவர்கள் தப்பினார்கள். கம்ப்யூட்டரும் தரைத்தளத்திலேயே இருந்தவர்களுக்கு இரண்டும் போயிற்று. ஒரு பிரதி அலுவலகத்தில், ஒன்று வெளியூரிலோ கிளவுடிலோ, ஒன்று வாரா வாரம் எடுத்துக் கழற்றி வைத்த ஹார்ட் டிஸ்க்கில். கழற்றி வைப்பது முக்கியம். செருகியே இருந்தால் வைரஸ் அதையும் பூட்டிவிடும். காகிதத்துக்கு, கீழ்த்தட்டு காலியாக இருக்கட்டும், சுவரை ஒட்டி வைக்க வேண்டாம்.

பழைய பைல் முப்பது மூட்டை இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

இன்றைக்கு வருகிற முதல் தாளில் இருந்து. பழையதைத் தொடாதீர்கள். யாராவது ஒரு பழைய தாளைக் கேட்டு எடுத்தால், அதைத் திருப்பி வைக்குமுன் ஸ்கேன் செய்து எண் கொடுங்கள். தேவைப்படுகிற பழசு இரண்டு வருடத்தில் தானாக ஏறிவிடும்.

எங்கள் பழைய கணக்குப்பிள்ளை கம்ப்யூட்டர் பக்கமே வர மாட்டேன் என்கிறார். என்ன செய்ய?

அவரிடம் நோட்டைப் பிடுங்காதீர்கள். நான் போகிற ஒரு கம்பெனியில் அறுபத்தெட்டு வயதுக்காரர் ஒருவர் இருக்கிறார். எல்லோருக்கும் அண்ணாச்சி. ரொக்க வரவு செலவை அன்றன்றைக்குச் சிட்டையில் எழுதுவார். சாயங்காலம் அக்கவுண்ட்ஸ் பெண் அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து, பக்க எண்ணோடு டாலியில் ஏற்றிவிடும். மாதக் கடைசியில் டாலி லெட்ஜரைப் பிரிண்ட் எடுத்து அவர் முன்னால் வைப்போம். மர ஸ்கேலை ஒவ்வொரு வரியாக நகர்த்திக்கொண்டே, வாய்க்குள் முணுமுணுத்தபடி படிப்பார்.

போன மார்ச்சில் ஸ்கேல் ஒரு வரியில் நின்றது. "இந்த லாரி வாடகை எட்டாம் தேதியே குடுத்தாச்சேம்மா" என்றார். ஒரே 4,200 ரூபாய், வேறு வேறு பில் எண்ணில் இரண்டு முறை ஏறியிருந்தது. அந்தப் பெண் பக்க எண்ணைத் தட்டியது, எட்டாம் தேதிச் சிட்டை திரையில் வந்தது, அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தார். "என் கையெழுத்து இதுல நல்லாத்தான் தெரியுது" என்றார்.